தைக்கக் கூடாத இடம்

அந்தப் பொம்மைப் பட்டறையில் கரடியாகப் பிறந்தாலும் சரி, முயலாகப் பிறந்தாலும் சரி, அவள் கை படாமல் யாரும் உலகத்தைப் பார்த்துவிட முடியாது. கண் வைப்பது அவள் வேலை. கறுப்புப் பிளாஸ்டிக் கண்ணைத் துணியில் குத்தி, உள்பக்கம் வளையத்தைப் போட்டு, கட்டைவிரலால் ‘டக்’கென்று அழுத்துவாள். பிறகு யார் பிடித்து இழுத்தாலும் வராது. ஒரு நூல் அளவு தள்ளி வைத்தால் போதும், சாதுவான முயல்கூடச் சம்பந்தி வீட்டு ஆள் மாதிரி முறைக்க ஆரம்பித்துவிடும். அவள் வைத்த கண் எதுவும் முறைத்ததில்லை. அதனால் அவளுக்குக் கண்ணு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

முதலாளியம்மா கூப்பிட்டாலும் கண்ணு, மெஷினில் தைக்கும் சரவெடி கூப்பிட்டாலும் கண்ணு. சரவெடி என்பது அவள் வாய்க்கு வைத்த பெயர். ஒரு முனையில் பற்றிக்கொண்டால் மறுமுனை வரை போகாமல் ஓயாது. பஞ்சு அடைக்கிறவர் ஒருவர் மட்டும்தான் கண்ணு என்று கூப்பிடுவதில்லை. ஓர் ஆண்பிள்ளை வாயிலிருந்து வந்தால் அந்தச் சொல் வேறு மாதிரி கேட்கும் என்று அவருக்குக் கூச்சம். அதற்குப் பதிலாக ‘ஏங்க’ என்பார். அது இன்னும் மோசம் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. அவர் ‘ஏங்க’ என்ற ஒவ்வொரு தடவையும் சரவெடி தலையைக் குனிந்துகொண்டு மெஷினை வேகமாக மிதிப்பாள்.

கண் வைத்த துணி அவரிடம் வெறும் தோலாகப் போகும். அவர் பஞ்சை அடைத்துத் திருப்பி அனுப்புவார். முதுகில் திறந்திருக்கும் வாயைக் கண்ணுதான் கைத்தையல் போட்டு மூடுவாள். இப்படி ஒவ்வொரு பொம்மையும் அவர்கள் இருவருக்கும் நடுவில் போய்ப் போய் வந்தது. பேச்சுதான் போய் வரவில்லை. அவளுக்குப் பேச வராது. அவருக்குப் பேச வரும், ஆனால் பொம்மைகளிடம்தான் வரும். “வயித்தை எக்காதேடா, இன்னும் ரெண்டு பிடி இருக்கு” என்று பஞ்சு அறைக்குள்ளிருந்து குரல் கேட்கும். புருவத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டு, நாற்பது வயதுக்கு அறுபது வயது மாதிரி தெரிவார்.

கண்ணுவுக்கு முப்பத்து மூன்று. அக்கா வீட்டில் இருந்தாள். அவளால் அந்த வீட்டுக்கு ஒரு தொந்தரவும் கிடையாது, ஒன்றைத் தவிர. மாப்பிள்ளை என்று யாராவது பேச்செடுத்தால் வேண்டாம் என்பாள். ஏன் என்றால் பதில் வராது.

“வர்றவன் எல்லாருக்கும் ரெண்டு கண்ணும் சரியாத்தானேடி இருக்கு? நீயே வச்ச கண்ணா இருந்தாத்தான் கட்டுவியா?” என்று அக்கா கத்துவாள். மாமா செய்தித்தாளை இன்னும் உயரத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

காரணம் அவளுக்குள்ளேயே கிடந்தது. பத்தொன்பது வயதில் ஒருநாள் அடிவயிற்றில் வலி வந்து சுருண்டு விழுந்தாள். சினைப்பையில் கட்டி வந்து முறுக்கிக்கொண்டிருந்தது. அறுத்து எடுத்தார்கள். மயக்கம் தெளிந்தபோது அம்மா காதுக்குப் பக்கத்தில் குனிந்து, “இடது பக்கத்துப் பையை எடுத்துட்டாங்க. குழாயை மட்டும் விட்டு வச்சிருக்காங்களாம். வெளிய மூச்சு விடாதே” என்றாள். கல்யாணமாகி வேறு ஊரில் இருந்த அக்காவிடம்கூடக் குடல்வால் ஆபரேஷன் என்றுதான் சொன்னார்கள். அதற்குப் பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சில வருடங்களில் பேச்செடுக்க அம்மாவும் இல்லை.

கண்ணு தானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வந்த அன்று டீச்சர், “இதை வீட்டுல படிச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு, நான்கு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டிருந்தார். இந்த மாதம் வலது, அடுத்த மாதம் இடது என்று இரண்டும் முறை வைத்து வேலை செய்யும் என்று எங்கேயோ யாரோ சொல்லிக் காதில் விழுந்திருந்தது. அப்படியானால் தன் உடம்பில் ஒரு மாதம் வேலை, ஒரு மாதம் விடுமுறை. விடுமுறை மாதத்திலும் மாதவிலக்கு வரத்தான் செய்தது. அது சும்மா பழக்கதோஷத்தில் வந்து போகிறது என்று வைத்துக்கொண்டாள். அந்த இடது பக்கத்துக் குழாயை நினைத்தால்தான் அவளுக்குப் பாவமாக இருக்கும். வீடே இல்லாத தெரு மாதிரி அது எதற்கு அங்கே கிடக்கிறது? பாதி ஆளை முழு ஆள் என்று சொல்லி ஒருத்தர் தலையில் கட்டுவது மோசடி. இதுதான் அவள் தீர்ப்பு. யாரும் கேட்காததால் யாரும் மறுக்கவும் இல்லை.

இந்த நிலையில்தான் பஞ்சுக்காரர் வந்து கேட்டார். ஒரு மத்தியானம், மற்றவர்கள் கை கழுவப் போயிருந்த நேரம். அடைத்து முடித்த முயல் ஒன்றை அவள் மேசையில் வைத்தார். வைத்துவிட்டுப் போகவில்லை.

“ஏங்க.”

அவள் நிமிர்ந்தாள்.

“உங்களைக் கட்டிக்கணும்னு எனக்கு ஆசையா இருக்கு. உங்களுக்கும் இருந்தாச் சொல்லுங்க.” முயலைப் பார்த்துத்தான் சொன்னார்.

கண்ணுவுக்குக் காது இரண்டும் பற்றிக்கொண்டன. ஆசையா? மூன்று வருடமாக அந்தப் பஞ்சு அறைக் கதவு திறக்கும் சத்தத்துக்கு அவள் நெஞ்சு தனியாக ஒரு குதி குதித்துக்கொண்டிருந்தது. ஆனால் வாய் பழைய தீர்ப்பைத்தான் சொன்னது. “வேண்டாங்க.”

“சரிங்க” என்றார் அவர். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அவள் கண் வைத்த கரடிக்கு ஒரு கண் நெற்றியில் இருந்தது. மறுநாளிலிருந்து அவர் அனுப்பிய பொம்மைகள் கருங்கல் மாதிரி வந்தன. “இதைத் தூக்கி எறிஞ்சா ஆள் செத்துடுவான். குழந்தைக்குக் குடுக்கறதா, திருடனுக்கு வச்சுக்கறதா?” என்று முதலாளியம்மா கேட்டாள். பிறகு ஒருநாள் அவரே வந்து, வெளியூரில் அண்ணன் மெத்தைக் கடை வைத்திருப்பதாகவும், சனிக்கிழமை கணக்கை முடித்துக்கொண்டு அங்கே போய்விடுவதாகவும் சொன்னார். முதலாளியம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கண்ணு ஊசியில் நூல் கோத்துக்கொண்டேயிருந்தாள். கோத்து முடித்த பிறகும் கோத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரத்தின் தொடக்கத்தில்தான் புது உருப்படி வந்தது. முதலாளியம்மா அட்டையில் வெட்டிய அளவுகளை மேசையில் பரப்பினாள். மேலே அகன்று கீழே குறுகின பெரிய துண்டு ஒன்று, வளைந்த நீளத் துண்டு இரண்டு, முட்டை வடிவத்தில் சின்னத் துண்டு இரண்டு.

“என்னதும்மா இது?” என்றாள் சரவெடி.

“ஒரு நர்ஸ் பொண்ணு கேட்டிருக்கு. முதல்ல ஒண்ணு தச்சுப் பாருங்க” என்று சொல்லிவிட்டு, அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு முதலாளியம்மா வெளியே போய்விட்டாள். என்னவென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

சரவெடி துண்டுகளை இப்படி வைத்துப் பார்த்தாள், அப்படி வைத்துப் பார்த்தாள். “அட, ஆட்டுக்கிடா! இது மூஞ்சி, இது கொம்பு, கீழ தொங்குறது காது.”

“இளஞ்சிவப்புத் துணி குடுத்திருக்காங்களே?” என்றாள் கண்ணு மெதுவாக.

“வெளிநாட்டு ஆடா இருக்கும், விடு.”

ஆடு தயாரானது. அழகான ஆடு. கண்ணு அதற்குப் பெட்டியிலேயே பெரிய கண்ணாகப் பார்த்து, கொஞ்சம் தூக்கக் கலக்கமாகத் தெரியும்படி வைத்தாள். மறுநாள் நர்ஸ் பொண்ணு ஹெல்மெட்டும் கையுமாக வந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஆட்டைக் கையில் வாங்கினாள். அதைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்தது. சுவரில் சாய்ந்து அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயோ, யாரு... இதுக்கு யாரு கண்ணு வச்சது?”

எல்லோரும் கண்ணுவைப் பார்த்தார்கள்.

“அக்கா, இது கர்ப்பப்பைக்கா!”

ஒரு மெஷினும் ஓடவில்லை. பிறகு சரவெடி வெடித்தாள். “நான் மூணு பெத்தவ! இத்தனை நாளா உள்ள ஒரு ஆடு உக்காந்து முழிச்சிட்டு இருந்துச்சுன்னு ஒருத்தரும் சொல்லலையே!”

பஞ்சு மூட்டையோடு அப்போதுதான் வெளியே வந்த பஞ்சுக்காரர் ‘கர்ப்பப்பை’ வரைக்கும் கேட்டார். வந்த சுவடு தெரியாமல் திரும்பினார். அவர் சாத்தின வேகத்தில் கதவு இரண்டு தடவை அடித்துக்கொண்டது. முதலாளியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கண்ணுவுக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது.

வேலைக்குப் போகும் பெண்களுக்கும் பள்ளிக்கூடப் பெண்களுக்கும் எடுத்துச் சொல்லத்தான் இது என்று நர்ஸ் பொண்ணு மேசையில் படத்தை விரித்தாள். எப்படி இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கர்ப்பப்பை முன்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே சிவப்பு வெல்வெட் விரிப்பு ஒன்று, ஒட்டிப் பிய்த்து எடுக்கிற மாதிரி.

“மாசாமாசம் உள்ள மெத்தை போட்டு வைக்கும்க்கா. விருந்தாளி வரலைன்னா சுருட்டி வெளிய தள்ளிடும். அதுதான் நமக்கு வர்றது.”

சினைப்பைக்கு ஜிப் வைக்க வேண்டும். உள்ளே சின்னதும் பெரிதுமாக உருண்டைகள். “மாசம் ஒரு கூட்டமே கிளம்பும். ஒவ்வொரு குட்டிப் பைக்குள்ளயும் ஒரு முட்டை. எல்லாம் முண்டியடிச்சு வளரப் பார்க்கும். ஒண்ணு முந்திக்கும். மத்ததெல்லாம் சுருங்கிடும்.”

“எங்க வீட்டுக் காலை நேரத்துக் குளியலறை வாசல் மாதிரின்னு சொல்லு” என்றாள் சரவெடி.

“அதேதான்! முந்தினது வெடிச்சு முட்டை வெளிய வந்துடும். காலியான பை இருக்கு பாருங்க, அது மஞ்சளா மாறிடும். மாறிச் சும்மா இருக்காது. ‘மெத்தையைக் கலைச்சுடாதே, ஆள் வரலாம், ஆள் வரலாம்’னு கர்ப்பப்பைக்குச் சொல்லி அனுப்பிட்டே இருக்கும். கொஞ்ச நாள் பார்த்துட்டு யாரும் வரலைன்னா அதுவும் சோர்ந்துடும், மெத்தையும் கலைஞ்சுடும்.”

ஆள் வரலாம், ஆள் வரலாம் என்று காத்திருக்கும் அந்த மஞ்சள் பை மேல் கண்ணுவுக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது. கோழிக்குஞ்சுக்கு வைத்திருந்த துணியில், இருப்பதிலேயே நல்ல துண்டாகப் பார்த்து அதைத் தைத்தாள். கேட்க வேண்டிய கேள்வி தொண்டை வரை வந்தது. ஆனால் அத்தனை பேர் நடுவில் அது மேலே ஏறவில்லை.

இரண்டு நாள் எல்லோருக்கும் அதே வேலை, அதே சிரிப்பு. “என் ஜிப் எங்கடி?” “உன் குழாயை நகர்த்து.” “மெத்தை சின்னதாப் போச்சு, விருந்தாளிக்குக் கால் நீட்ட முடியாது.” துண்டு துண்டாகப் பஞ்சு அடைக்கப் போகும். எது என்று கேட்காமல் பஞ்சுக்காரர் கதவு இடுக்கில் கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொள்வார்.

கடைசிக் கைத்தையல் கண்ணுவுடையது. குழாயின் முனை விரல் விரலாக விரிந்திருக்க வேண்டும் என்று படத்தில் இருந்தது. அந்த விரல்களுக்கும் சினைப்பைக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டிருந்தார்கள். வரைந்தவர் கை நழுவியிருக்கும் என்று நினைத்தாள். அந்தப் பட்டறையில் ஒரே சட்டம்தான்: இழுத்தால் வரக் கூடாது. காதோ வாலோ தொங்குகிற எதுவும், குழந்தை பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடக் கூடாது. முதலாளியம்மா ஒவ்வொரு பொம்மையையும் காதைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பார்ப்பாள். கண்ணு இரட்டை நூல் கோத்து, அந்த விரல்களைச் சினைப்பையைச் சுற்றி அணைத்தாற்போல் வைத்து, இறுக்கித் தைத்தாள். இரண்டு பக்கமும்தான். பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

வெள்ளிக்கிழமை நர்ஸ் பொண்ணு வந்தாள். “கண்ணு வைக்கலையே? அப்பாடா” என்று சொல்லிக்கொண்டே ஜிப்பைத் திறந்தாள். வெள்ளைக் கம்பளி நூலில் சுற்றிய முட்டையை எடுத்தாள். குழாய்க்குள் விடப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

“என்னக்கா, தச்சுட்டீங்க?”

“பிஞ்சு வந்துடுமேன்னு...” என்றாள் கண்ணு.

“இது தைக்கக் கூடாத இடம்க்கா. நம்ம உடம்புலயே அங்க ஒட்டு கிடையாது.”

எல்லோரும் மேசையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

“ஒட்டு கிடையாதா? அப்ப முட்டை எப்படி உள்ள போகும்?” என்றாள் முதலாளியம்மா. பட்டறையின் ஒரே சட்டம் தன் வயிற்றுக்குள்ளேயே மீறப்பட்டிருப்பதை அவளால் தாங்க முடியவில்லை.

“வெளிய வரும். இந்த விரல் இருக்கே, அது அந்த நேரம் பார்த்துச் சினைப்பை மேல வந்து துழாவும். தடவித் தேடி, முட்டையை வாரி உள்ள இழுத்துக்கும்.”

“தவறிடுச்சுன்னா?”

“தவறினா தவறினதுதான். ஆனா ஒரு வேடிக்கை கேளுங்க. சில சமயம் இந்தப் பக்கத்து முட்டையை அந்தப் பக்கத்துக் குழாய் வந்து தூக்கிட்டுப் போயிடும்.”

“அடிப்பாவி! எதிர்வீட்டுப் பொண்ணை இழுத்துட்டு ஓடுற மாதிரியா?” என்றாள் சரவெடி.

அந்தப் பக்கத்துக் குழாய். வீடே இல்லாத தெரு. கண்ணுவின் கையில் தையல் பிரிக்க எடுத்த பிளேடு இருந்தது. அதை மேசையில் வைத்தாள். எப்படிக் கேட்டாள் என்று அவளுக்கே பிறகு புரியவில்லை.

“ஒரு பக்கம் பையே இல்லைன்னா?”

அவள் அத்தனை பேர் முன்னால் கேள்வி கேட்டே யாரும் பார்த்ததில்லை.

நர்ஸ் பொண்ணு பொதுவாகப் பதில் சொல்ல ஆரம்பித்து, கண்ணுவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பொம்மையைக் கீழே வைத்தாள். “உங்களுக்காக்கா?”

கண்ணு தலையாட்டினாள். “பத்தொன்பது வயசுல எடுத்துட்டாங்க. இடது பக்கம். குழாய் இருக்காம்.”

“மாசாமாசம் வருதா?”

“வருது. ஆனா ஒரு மாசம்தானே நிஜமா வரும்? இன்னொரு மாசம் அந்தப் பக்கத்து முறை இல்லையா?”

“முறையா? அங்க முறை வைக்க யாருக்கா இருக்கா, அது என்ன தெருக்குழாயா? ரெண்டும் இருக்கறவங்களுக்கே இந்தப் பக்கம்தான், அந்தப் பக்கம்தான்னு கிடையாது. எது முந்துதோ அது. ஒண்ணு இல்லைன்னா இருக்கிற ஒண்ணே பெரும்பாலும் மாசாமாசம் பார்த்துக்கும்.”

“அப்ப பாதி இல்லையா?”

“பாதின்னு ஒண்ணு கிடையவே கிடையாது. குழந்தை உண்டாகும்னு யாருக்கும் எழுதித் தர முடியாதுக்கா, ரெண்டும் இருக்கறவங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். ஆனா ஒண்ணுதான் இருக்குன்னு நீங்களே கதவைச் சாத்திக்க வேண்டியதில்லை. ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வாங்க, ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்.”

சிரிப்பு கால் கட்டைவிரலில் ஆரம்பித்தது. முட்டி ஏறி, வயிறு ஏறி, தோளைக் குலுக்கி, கண்ணு மேசையைப் பிடித்துக்கொண்டாள். பதினான்கு வருடம்! தன் மாதங்களில் பாதியைச் சும்மா வந்து போகிற சோம்பேறிகள் என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த ஒற்றைப் பை இடமும் வலமும் பார்க்காமல், லீவு கேட்காமல், தனியாளாக உழைத்துக்கொண்டிருந்திருக்கிறது. சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். சரவெடி ஒன்றும் புரியாமல் கூடச் சிரித்தாள். பிறகு புரிந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, கண்ணுவின் முதுகில் ஒன்று வைத்தாள். “இதையா இத்தனை வருஷம் வயித்துலயே வச்சுத் தச்சுட்டே, முண்டம்?”

கண்ணுவே இரண்டு பக்கத்துத் தையலையும் பிரித்தாள். விரல்கள் விடுபட்டுத் தொங்கின. “இழுத்தா வராதுல்ல?” என்றாள் முதலாளியம்மா கவலையாக. குழாயின் அடி மட்டும் கர்ப்பப்பையோடு உறுதியாக இருந்தது. அதைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

பிறகு விளையாட்டு ஆரம்பமாகிவிட்டது. நர்ஸ் பொண்ணு சினைப்பையை அமுக்கி முட்டையை வெளியே துள்ள விடுவாள். சரவெடி குழாயின் விரல்களை விரித்து ஏந்துவாள். முதல் தடவை தவறியது. இரண்டாவது தடவை முதலாளியம்மா அந்தப் பக்கத்துக் குழாயோடு பாய்ந்து வந்து தட்டிப் பறித்தாள். மூன்றாவது தடவை நர்ஸ் பொண்ணு கொஞ்சம் அதிகமாகவே அமுக்கிவிட்டாள். முட்டை எல்லோர் தலைக்கும் மேலே பறந்து, திறந்திருந்த பஞ்சு அறைக் கதவு வழியாக உள்ளே போய் விழுந்தது.

“போச்சு! வெள்ளை முட்டை, வெள்ளைப் பஞ்சு” என்றாள் சரவெடி. “கண்ணு, நீ போ.”

கண்ணு போனாள். கால் தரையில் பாவவில்லை.

பஞ்சுக்காரர் இடுப்பளவு பஞ்சில் நின்று ஒரு யானைக்குக் கால் அடைத்துக்கொண்டிருந்தார். கடைசி யானை. நாளைக்குச் சனிக்கிழமை.

“ஒண்ணு உள்ள வந்து விழுந்துச்சுங்க” என்றாள்.

“என்னதுங்க?”

“முட்டை.”

அவர் எதுவும் கேட்காமல் குனிந்து தேட ஆரம்பித்தார். அவளும் குனிந்தாள். பஞ்சுக்குள் கையை விட்டுக்கொண்டே, முகம் பார்க்காமல், பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் பேசினாள். பத்தொன்பது வயதைச் சொன்னாள், அம்மா சொன்னதைச் சொன்னாள், தன் கணக்கைச் சொன்னாள், அது தப்பு என்பதைச் சொன்னாள். உத்தரவாதம் எதுவும் கிடையாதாம் என்பதையும் விடாமல் சொன்னாள்.

அவர் தேடுவதை நிறுத்திவிட்டார். “இதுக்காகத்தான் வேண்டாம்னீங்களா?”

“ம்.”

“என்னைப் பிடிக்காததால இல்லையா?”

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அந்த வேகத்தில் தலைமுடியெல்லாம் பஞ்சு.

“குழந்தை வேணும்னா உங்களைக் கேட்டேன்? நீங்க வேணும்னுதானே கேட்டேன்!” அவர் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “உங்க கணக்கால எத்தனை கரடியைக் குத்திக் குத்திக் கல்லாக்கியிருக்கேன் தெரியுமா? பாவம், அதுங்க என்ன பண்ணுச்சு?”

கண்ணு சிரித்தாள். வாய்க்குள் பஞ்சு போய் இருமினாள். அவர் பதறி அவள் முதுகைத் தட்ட வந்து, தட்டலாமா கூடாதா என்று கையை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு நின்றார். “தட்டுங்க” என்றாள் இருமலுக்கு நடுவில். தட்டினார்.

வெளியே சரவெடியின் குரல் கேட்டது. “முட்டை கிடைச்சுதா இல்லையா? இந்தப் பொண்ணு கிளம்பணுமாம்!”

“கொஞ்சம் இரேன், பேசிட்டு இருக்கோம்ல!” என்று கண்ணு கத்தினாள். பட்டறை கப்சிப்.

பஞ்சுக்காரர் புருவத்தைத் துடைத்துக்கொண்டார். கையில் இருந்த பஞ்சும் சேர்ந்து அங்கேயே ஒட்டிக்கொண்டது. “அண்ணன் எனக்காகக் கட்டில் எல்லாம் போட்டு வச்சுட்டான். வரலைன்னு போன் பண்ணணும். ஏன்னு கேப்பான். என்ன சொல்றது?”

“கல்யாணம்னு சொல்லுங்க” என்றாள் கண்ணு.